இரண்டாவது இருமல்

காலை ஏழு மணி. ஆண்கள் வார்டின் கழிப்பறை வாசலில் நீளமான ஓர் உடல் குப்புறக் கிடந்தது. தலை உள்ளே, கால்கள் வராந்தாவில். முதலில் பார்த்த துப்புரவுப் பெண்மணி போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஓடி வந்த நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். நாடி இருந்தது. ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே, வருமா வராதா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்குவது வழக்கம். இங்கே அந்தப் பெட்ரோல் மிச்சம். விழுந்து கிடந்தவரே இன்ஸ்பெக்டர்தான். ஓய்வு பெற்றவர்.

உயரத்தைப் பார்த்து இலாகாவில் அவருக்கு வைத்த பெயர் ஏணி. வயதுக்கு மரியாதை கொடுத்து நாம் ஏணியார் என்போம். துலங்காமல் விட்ட வழக்கு ஒன்றுகூட இல்லை என்பது அவருடைய பெருமை. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அவருடைய இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் பாதை பழுதாகிவிட்டது என்று சில நாட்களுக்கு முன்புதான் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் பை போலச் சிறு இடம் பண்ணி, அதில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். கம்பியின் நுனி இதயத்தின் உள்சுவரைக் கவ்வியிருக்கும். மறுபக்கம் அது நழுவாமல் இருக்க, கம்பியைச் சுற்றி ஒரு ரப்பர் உறை போட்டு, உறையை மார்புத் தசையோடு நூலால் கட்டிவிடுவார்கள். கம்பி நின்ற இடத்தில் நின்றால் மனிதர் நடமாடுவார். நழுவினால் கழிப்பறை வாசலில் கிடப்பார்.

எட்டரை மணிக்குள் ஏணியார் பிழைத்துக்கொண்டார். தொடை வழியாகத் தற்காலிகமாக வேறொரு கம்பியை இதயத்துக்கு அனுப்பி, அதைக் கட்டில் ஓரத்தில் ஒரு பெட்டியோடு இணைத்திருந்தார்கள். காலை மடக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. நீளம் போதாமல், கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் அவர் பாதங்களை வைத்திருந்தார்கள்.

பெரிய டாக்டர் வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆயிரம் பேஸ்மேக்கர் வைத்த பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டவர். அவர் நடந்து வந்தால் வராந்தாவில் பேச்சுச் சத்தம் தானாகக் குறையும். அந்த மரியாதை சும்மா வந்ததல்ல. அவர் கை வைத்துப் பிழைத்தவர்கள் அந்த ஊரின் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள்.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"கம்பி நுனி கழண்டு மேல வந்துடுச்சு. இது எதனால நடக்கும்? பேஷன்ட் கையைத் தூக்கி ஆட்டியிருக்கணும். ஆனா கையைத் தூக்க முடியாம துணியில கட்டித்தான் வெச்சிருந்தோம். இல்லேன்னா தோலுக்கு மேல பெட்டியைப் பிடிச்சுத் திருகியிருக்கணும். திருகினா கம்பி பெட்டியில சுத்திக்கும். சுத்தல. கம்பி பழுதா? சோதிச்சாச்சு, பழுதில்ல."

"அப்போ?" என்றார் கட்டிலின் அருகே நின்ற ஏணியாரின் மனைவி.

"அப்போ மிச்சம் ஒண்ணுதாம்மா. கட்டினது சரியில்ல. புதுக் கை." பெரிய டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். இதுவரைக்கும் இருபது கேஸ் செஞ்சிருப்பா. இது கைப்பழக்கம். எண்ணிக்கை ஏறினாத்தான் வரும். கவலைப்படாதீங்க, மத்தியானம் நானே திறந்து சரி பண்ணிடறேன். அவ இனிமே ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வர மாட்டா. தலைமை டாக்டர்கிட்ட சொல்லியாச்சு."

அவர் போனதும் மனைவி ஏணியார் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏதாவது பண்ணித் தொலைச்சீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"நானா? ஆபரேஷன் டேபிள்ல என்னை மாதிரி ஒரு ஆளை அவங்க பாத்திருக்கவே மாட்டாங்க. மரத்துப்போற ஊசி மட்டுந்தான், முழிச்சுக்கிட்டேதான் இருந்தேன். மூஞ்சியை மூடிப் பச்சைத்துணி. மூச்சைப் பிடின்னா பிடிச்சேன். இருமுன்னா ரெண்டு தடவையும் கணீர்னு இருமினேன். ஒரு இஞ்ச் அசையல."

"அப்புறம் ஏன் விழுந்தீங்க?"

"நடக்கலாம்னு இன்னிக்குத்தானே சொன்னாங்க. எழுந்து நல்லா நிமிர்ந்து நின்னேன். ஒரு பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான் தெரியும்."

"நிமிர்றதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபத்தில் வந்த கண்ணீர் பாதி, பயத்தில் வந்தது பாதி.

ஒன்பதரை மணிக்குச் சின்ன டாக்டர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கண் சிவந்திருந்தது, ஆனால் தலை குனியவில்லை. அதுதான் ஏணியாரை முதலில் கவர்ந்தது. தப்புச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஆயிரக்கணக்கில் எதிரே உட்கார வைத்துப் பேசியவர் அவர்.

"மன்னிப்புக் கேட்க வந்தேன் சார். நீங்க என் பேஷன்ட். இப்படி நடந்திருக்கக் கூடாது."

"நீங்க சரியா கட்டலையா டாக்டரம்மா?"

"கட்டினேன் சார்." பதில் உடனே வந்தது. "மூணு கட்டு. ஒரு பாக்கெட் கறுப்பு நூல்ல மூணும் வந்துடும். உறையில மூணு பள்ளம் இருக்கும், பள்ளத்துக்கு ஒண்ணு. அவசரமே படல. நேரமாகுதுன்னு என்னைக் கிண்டல் பண்ணுவாங்க, பரவால்லன்னு நின்னு கட்டினேன்."

"அப்புறம் எப்படி?"

"அதான் தெரியல. இன்னொண்ணும் இருக்கு சார். கம்பியை இதயத்துக்குள்ள கொஞ்சம் தளர்வா, ஒரு வளைவு விட்டுத்தான் வெப்போம். உங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாவே விட்டேன். நீங்க அட்மிட் ஆக வந்தப்போ வாசல்ல நிலைக்குக் குனிஞ்சு வந்தீங்க. நான் பாத்தேன். ஆனா மறுநாள் கட்டிலுக்கே மெஷினைத் தள்ளிட்டு வந்து எக்ஸ்ரே எடுத்தாங்களே, அதுல வளைவு கம்மியா இருந்தது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பெரிய டாக்டர் பக்கத்துல இருந்தார். பிரமாதம்னு சொன்னார். அவரே சொல்லும்போது... நான்தான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்." அவர் உதட்டைக் கடித்தார். "சார், நான் தோத்துப்போனா ஒத்துக்குவேன். இதுல நான் தோக்கல. ஆனா நிரூபிக்க வழியில்ல. இனிமே என் கையில கத்தி குடுக்க மாட்டாங்க."

"என்னை எதுக்கு இருமச் சொன்னீங்க?"

"நுனி நல்லாக் கவ்வியிருக்கான்னு பாக்கறதுக்கு. இருமினா இதயம் குலுங்கும். சரியில்லாத கம்பி ஆடிடும். உங்களுக்கு ஒரே இருமல்ல தெரிஞ்சுபோச்சு, கல்லு மாதிரி நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் கட்டினேன். கட்டி முடிச்சதும் பக்கத்து ரூம்ல ஒரு மாரடைப்புக் கேஸ்னு என்னைக் கூப்பிட்டாங்க."

ஏணியார் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்துச் சின்ன டாக்டர் மெதுவாக வெளியே போனார். ஏணியார் தூங்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு வழக்கு கையில் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார்.

பூட்டிய அறைக்குள் நடந்த குற்றங்களை அவர் பார்த்திருக்கிறார். கதவு உள்பக்கம் தாழ், ஜன்னலில் கம்பி, உள்ளே சாமான் களவு. இது அதையும் தாண்டியது. அறை அவருடைய மார்புக்குள் இருந்தது. கதவு தோல், தாழ்ப்பாள் தையல், தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. ஆனாலும் உள்ளே இருந்தது இடம் மாறிவிட்டது. போதாததற்கு, சம்பவம் நடந்தபோது இந்த உலகத்தில் வேறு எந்த சாட்சியையும்விட அருகில் இருந்தவர் அவர்தான். கண்ணை மட்டும் மூடி வைத்திருந்தார்கள். காது திறந்தே இருந்தது.

பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"ஒரு சின்ன சந்தேகம் டாக்டர். பழைய பழக்கம், விட மாட்டேங்குது."

"தாராளமா கேளுங்க."

"அன்னிக்கு நீங்க எப்போ உள்ள வந்தீங்க?"

"அந்தப் பொண்ணைப் பக்கத்து ரூமுக்கு அனுப்பிட்டு வந்தேன்."

"அப்போ என்ன வேலை பாக்கி?"

"கம்பியைப் பெட்டியில மாட்டித் திருகணும். தோலைத் தைக்கணும். அவ்வளவுதான்."

"திருகறப்போ டிக் டிக்னு ஒரு சத்தம் கேட்டுது."

"சரியான இறுக்கம் வந்ததும் அந்தத் திருகி அப்படிச் சத்தம் போடும். நல்லாக் கவனிச்சிருக்கீங்க."

"கம்பியை?"

"அது அவ வேலை. அவ முடிச்சுட்டுப் போயிட்டா. நான் தொடல."

"சரியா கட்டியிருக்காங்களான்னு பாத்தீங்களா?"

பெரிய டாக்டர் பெருமூச்சு விட்டார். "பாத்திருக்கணும். பாக்காம விட்டது என் தப்பு. அதை விசாரணையிலயும் மறைக்காம சொல்லப்போறேன்."

பெருந்தன்மையான பதில். மனைவி நெகிழ்ந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கடைசியா ஒண்ணு. நான் நின்னு நீங்க பாத்திருக்கீங்களா?"

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். "எனக்கு எல்லாருமே படுத்துக்கிட்டுத்தான் சார் அறிமுகம்."

அவர் போனபின் ஏணியார் தியேட்டர் சிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். நடுவயதுப் பெண். பெரிய டாக்டரோடு அந்தத் தியேட்டரில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். வேலை நடுவே வந்ததால் நின்றுகொண்டே பேசினார்.

"எனக்கு என்னென்ன செலவாச்சு சிஸ்டர்? நூல் மட்டும் சொல்லுங்க போதும்."

"தோலுக்கு ஒரு பாக்கெட். உள்ள கட்டறதுக்குக் கறுப்பு நூல் ரெண்டு பாக்கெட்."

"பெரிய டாக்டர் நல்லா வேலை செய்வாரா?"

சிஸ்டரின் முகம் மலர்ந்தது. "அவர் கையைப் பாத்துக்கிட்டே இருக்கலாம் சார். மத்தவங்க ஒரு மணி நேரம் செய்யறதை அவர் அரை மணியில முடிப்பார். அவர் கேக்கறதுக்கு முன்னாடி நான் எடுத்து நீட்டுவேன். அவர் கேட்டு நான் ஏன்னு கேட்டதில்ல."

"கேட்டிருக்க மாட்டீங்க" என்றார் ஏணியார். "ரொம்ப நன்றி சிஸ்டர். தலைமை டாக்டரைக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா? ரெண்டு டாக்டரும் கூட வரட்டும். நீங்களும் வாங்க."

பன்னிரண்டரை மணி. தலைமை டாக்டர் கண்டிப்பான அம்மாள். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார்களே என்ற எரிச்சலோடுதான் வந்தார். கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டது. ஒரு பக்கம் பெரிய டாக்டர், மறுபக்கம் சின்ன டாக்டர், கால்மாட்டில் ஸ்டூல்மேல் ஏணியாரின் பாதங்கள், அவற்றுக்கு அந்தப் பக்கம் சிஸ்டர். தலைமாட்டில் மனைவி, கணவர் மானத்தை வாங்கப்போகிறாரோ என்ற கவலையில்.

"மத்தியானம் என்னைத் திறக்கப்போறீங்க" என்று ஏணியார் ஆரம்பித்தார். "அதுக்கு முன்னாடி, போன தடவை திறந்தப்போ நடந்ததைப் பேசிடலாம். கம்பி ஏன் நழுவிச்சுன்னு எனக்குத் தெரியும்."

"சொல்லுங்க" என்றார் தலைமை டாக்டர். நாற்காலியில் உட்காரவில்லை.

"எல்லாரும் எனக்குப் போட்ட முடிச்சைப் பத்தியே பேசறீங்க. நான் என் இருமலைப் பத்திப் பேசறேன். ஆபரேஷன்ல நான் ரெண்டு தடவை இருமினேன்."

சின்ன டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "ஒரு தடவைதானே சார் சொன்னேன்?"

"நீங்க ஒரு தடவை சொன்னீங்க. அப்புறம் நீங்க கிளம்பிப் போனது காதுல விழுந்தது. கதவு சத்தம். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல் 'இருமுங்க'ன்னுச்சு. கணீர்னு இருமினேன். அதுக்கப்புறந்தான் டிக் டிக். வரிசை எனக்கு மாறாது. அந்தத் துணிக்குள்ள எனக்கு வேற பொழுதுபோக்கே இல்ல."

பெரிய டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இருமச் சொல்லியிருப்பேன். ஜாக்கிரதைக்காக."

"எந்த ஜாக்கிரதை டாக்டர்? இருமச் சொல்றது கம்பி நுனி நிக்குதான்னு பாக்க. பாத்தேன்னா, 'பாக்காம விட்டது என் தப்பு'ன்னு காலையில ஏன் சொன்னீங்க? பாத்து, கம்பி நின்னுச்சுன்னா, அது அந்தம்மா வேலை. நல்ல வேலை. ஆடியிருந்தா அப்பவே அவங்களைக் கூப்பிட்டிருப்பீங்க. மூணாவதா ஒரு வழிதான் இருக்கு. கம்பியை இடம் மாத்தினவங்கதான் மறுபடி சோதிச்சுப் பாப்பாங்க."

கட்டில் ஓரத்துப் பெட்டி சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்" என்றார் ஏணியார், குரலை இறக்கி. "ஒரு பாக்கெட் கறுப்பு நூல் மூணு கட்டுக்கும் போதும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ரெண்டாவது பாக்கெட்டை யார் கேட்டது?"

சிஸ்டர் பெரிய டாக்டரைப் பார்த்தார். பார்வையிலேயே மன்னிப்புக் கேட்டார். "பெரிய டாக்டர் கேட்டார் சார்."

"டிக் டிக்குக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

ஏணியார் பெரிய டாக்டரை நேராகப் பார்த்தார். குற்றவாளியைப் பிடித்த கொண்டாட்டம் அந்தப் பார்வையில் இல்லை. "நீங்கதான் டாக்டர். அந்தம்மா கட்டினதை அவிழ்த்து, கம்பியைக் கொஞ்சம் வெளிய இழுத்து, மறுபடி கட்டினீங்க. ஏன்? அவங்க விட்ட வளைவு உங்க கண்ணுக்கு அதிகமாத் தெரிஞ்சுது. துணி நடுவுல நீங்க பாத்தது ஒரு உள்ளங்கை அகலம் தோலைத்தான். அந்தத் தோல் எவ்வளவு நீளமான ஆளுதுன்னு உங்களுக்குத் தெரியாது. நிமிர்ந்து நின்னா எல்லாருக்கும் இதயம் கொஞ்சம் கீழ இறங்குமாமே? எனக்கு இன்னும் நிறைய இறங்கும். அதுக்குத்தான் அவங்க கூடுதலா விட்டாங்க. படுத்திருந்தவரைக்கும் உங்க கட்டு நின்னுச்சு. எக்ஸ்ரேயும் படுக்கையிலதான் எடுத்தாங்க, அதுவும் பிரமாதமா இருந்துச்சு. இன்னிக்குக் காலையில முதல் தடவையா நான் எழுந்து நின்னேன். கம்பி இழுபட்டுது."

பெரிய டாக்டரின் முகம் கறுத்தது. அவர் கோழையல்ல. அவர் மறைத்தது வேலை போய்விடுமே என்ற பயத்தாலும் இல்லை. தன் கை தவறும் என்று அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆயிரம் கம்பிகள் தந்த பெருமை அது, அத்தனை சுலபத்தில் இறங்காது.

"சரி. தொட்டேன்" என்றார் கடைசியில். "வளைவு தொங்குச்சு. என் தியேட்டர்ல அப்படி ஒரு வேலை வெளிய போகக் கூடாதுன்னு சரி பண்ணினேன். சொல்லியிருக்கணும், சொல்லல. உயரத்தை யோசிக்காதது என் பிசகு. ஆனா மேடம், ஒண்ணு. அவ போட்ட முடிச்சு கை பட்டதும் கழண்டு வந்துடுச்சு. அவ்வளவு லேசு. நான் தொடலேன்னாலும் அது நின்னிருக்காது. அந்தக் கை இன்னும் பழகல."

சின்ன டாக்டரின் முகத்தில் அறைந்தது போலாயிற்று. முடிச்சு இறுக்கமா தளர்வா என்று ஏணியாரின் காது எப்படிச் சொல்லும்? யார் தொட்டார்கள் என்பது துலங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் கை நல்ல கையா என்பது துலங்கவில்லை. அதுதானே வழக்கு.

தலைமை டாக்டர் யோசித்தார். "வெளியிலேர்ந்து ஒருத்தரைக் கூப்பிடறேன். நாளைக்கு வெச்சுக்கலாம்."

"வேண்டாம்" என்றது ஒரு குரல். எல்லோரும் ஏணியாரைப் பார்த்தார்கள். பேசியது அவர் மனைவி. காலையில் பெரிய டாக்டரைக் கும்பிட்ட அதே கைகளால் சின்ன டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இவரைக் கட்டின நாளா நானே இவர் உயரத்தைப் பாத்து அலமாரியை மேல மாட்டிட்டு அவஸ்தைப்படறேன். இந்த ஆஸ்பத்திரியில இவர் எவ்வளவு நீளம்னு பாத்தது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். இதுவே செய்யட்டும்."

"நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார் பெரிய டாக்டர். "எப்படிக் கட்டறான்னு பாக்கணும்."

"நிக்கலாம். எதையும் தொடக் கூடாது" என்றார் தலைமை டாக்டர். "நானும் நிக்கிறேன்."

மூன்று மணி. மறுபடி அதே தியேட்டர், அதே பச்சைத்துணி. மேஜையின் நீளம் போதாமல் கால்மாட்டில் ஒரு பலகையைச் சேர்த்திருந்தார்கள். ஏணியார் துணிக்கு அடியில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். மரத்துப்போன மார்பில் யாரோ அழுத்துவது மட்டும் தெரிந்தது. அவருக்கு இப்போது பயமாக இருந்தது. இந்தப் பெண்ணுக்காகத் தன் இதயத்தையே ஜாமீன் வைத்துவிட்டோமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த எண்ணத்துக்காக உடனே வெட்கப்பட்டார்.

"தோல் திறந்தாச்சு" என்றது சின்ன டாக்டரின் குரல், நிதானமாக. "பெட்டி வெளிய. உறை தெரியுது. உறையில ஒரு கட்டுதான் இருக்கு. நடுப் பள்ளத்துல."

"அது என்னோடது" என்றார் பெரிய டாக்டர்.

"ஆமா சார்." தண்ணீர் ஊற்றிக் கழுவும் ஓசை. பிறகு, "சிஸ்டர், விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. பெட்டிக்கு அடியில, தசையோட ஒட்டிக்கிட்டு ஏதோ கறுப்பா இருக்கு."

சிறு கருவி ஒன்று கிண்ணத்தில் படும் சத்தம்.

"நூல்" என்றார் சின்ன டாக்டர். "மேடம், இங்க பாருங்க. முடிச்சு பிரியல. அப்படியே இருக்கு, மூணு சுத்து. என் முடிச்சு. கழண்டு வந்திருந்தா முடிச்சே இருந்திருக்காது. முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கு. மூணுல ஒண்ணு எடுக்காம விட்டுப்போயிருக்கு."

"வெட்டினா மட்டும் இறுக்கமா கட்டினதா ஆயிடுமா?" என்றார் தலைமை டாக்டர். அந்த அம்மாளுக்கு எதையும் பாதியில் விடும் வழக்கம் இல்லை. "தளர்வான கட்டையும் வெட்டலாமே."

"அளந்து பாக்கலாம் மேடம். ஒரு புது உறை குடுங்க சிஸ்டர், இதே அளவு."

காகித பாக்கெட் கிழியும் சத்தம் கேட்டது. ஏணியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார், யாரும் சொல்லாமலே. இந்த ஒரு தடவை கண் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார். வெட்டிய நூலை உறையின் பள்ளத்தில் சுற்றி வைக்கிறார்கள் என்று அவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தளர்வாகக் கட்டிய நூல் என்றால் சுற்றிய பிறகு மிச்சம் நீட்டிக்கொண்டு நிற்கும்.

"மிச்சமே இல்ல" என்றார் தலைமை டாக்டர் மெதுவாக. "வெட்டின ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு தொடுது. நீங்க பாருங்க டாக்டர்."

செருப்பு ஓசை மேஜையை நெருங்கியது. பெரிய டாக்டர் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

"கழண்டு வரல" என்றார் பெரிய டாக்டர். காலையில் இருந்த குரல் இல்லை அது. "அவிழ்த்துப் பாத்தேன். என் விரலுக்கு அது அசைஞ்சு குடுக்கல. ரெண்டு தடவை முயற்சி பண்ணினேன். அப்புறம் கத்தரி கேட்டேன்." நிறுத்தினார். "ஆயிரம் கட்டு கட்டினவன்மா நான். உன் முடிச்சை என்னால அவிழ்க்க முடியல. அதைத்தான் சொல்ல முடியாம, லேசு, லேசுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

சிஸ்டர் மூக்கை உறிஞ்சும் சத்தம் முகமூடிக்குள்ளிருந்து வந்தது.

"நீங்க பண்ணினதுக்கு விசாரணை உண்டு" என்றார் தலைமை டாக்டர். "உண்டு" என்றார் பெரிய டாக்டரும். "அதை அப்புறம் பேசலாம்" என்று அந்த அம்மாள் சின்ன டாக்டர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், குரல் திசை மாறியது. "நாளைக்கு இங்க ரெண்டு பேஷன்ட் இருக்காங்க. ரெண்டும் நீங்கதான் செய்யறீங்க. இப்போ இவரை முடிங்க."

"சரி மேடம். சிஸ்டர், கறுப்பு நூல்."

துணிக்கு அடியில் ஏணியார் அழுதார். மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் நேராகக் காதுக்குள் இறங்கிக் கூசியது, அதில் சிரிப்பும் வந்துவிட்டது. துலங்கிய வழக்குகள் எத்தனையோ உண்டு. இப்படி நெஞ்சு நிறைந்தது இதற்கு மட்டும்தான். அந்த நெஞ்சு குலுங்கத் தொடங்கியதும் மேலேயிருந்து அதட்டல் வந்தது.

"சார், ஆடாதீங்க. கட்டிட்டிருக்கேன்."

அதட்டலில் கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லை. அவர் ஆடாமல் கிடந்தார்.